பாலைக்குக் கீழ்

மல்லாவிக் கந்தோரில்
முதல் மூன்று கிழமை
என் மேசையிலேயே சாப்பிட்டேன்,
உரமானியப் படிவங்களை ஒதுக்கிவிட்டு,
கணினித் திரையைப் பார்த்தபடி.
களஞ்சியத்து யூட் அன்ரனிடம் போன கோவை
போனது போனதுதான்.

நாலாம் கிழமை, கரண்ட் நின்ற மத்தியானம்,
பாக்கியமலர் யன்னலால் எட்டிப் பார்த்தாள்.
"உள்ளுக்க இருந்து அவியிறியள்.
வாங்கோ, பாலைக்குக் கீழ."

உழவு இயந்திரப் பெட்டியின் பின்பலகை
நாலு சீமெந்துக் கல்லில்.
அதுதான் மேசை.

எந்த ஊர், எந்த முகாம், ஆரார் மிச்சம்
என்று ஒருவரும் கேட்கவில்லை.
"என்ன கறி?"
அவ்வளவுதான்.

ஜப்பான் மீன். நேற்றையக் குழம்பு.
யூட் அன்ரன் கேளாமலே
தலையை எடுத்துக்கொண்டான்.
தன் மோர்மிளகாயில் பாதியைக் கிள்ளி
என் சோற்றில் வைத்து அழுத்தினான்,
முத்திரை குத்துகிறவன் மாதிரி.

சாரதி இராசகாரியர் மட்டும்
மூடியைப் பாதி திறந்து,
இடக்கையால் மறைத்து,
எட்டே நிமிடத்தில் சாப்பிட்டு முடிப்பார்.
அதையும் ஒருவரும் கேட்பதில்லை.
பாக்கியமலர் முருங்கையிலை வறையில் ஒரு பிடியை
திறந்திருந்த அந்தப் பாதிக்குள் போட்டுவிட்டு
நெல் விலையைப் பற்றிக் கதைத்தாள்.
அவர் கை
கொஞ்சம் மெதுவானது போலிருந்தது.
எனக்குச் சரியாகத் தெரியாது.

மறுநாள் காலை
கோவை என் மேசையில்.
ஒப்பத்துக்குப் பக்கத்தில்
எண்ணெய்ப் பெருவிரல் ஒன்று.
கீழே பென்சிலால்:
"குழம்புக்குப் புளி கூடிப்போச்சு.
நாளைக்குக் கவனியுங்கோ."