சருகுமானுக்கு ஒரு கூரை

ஆ லியோங் அளவுநாடாவைச்
சுருட்டிய சத்தத்திலேயே தெரிந்துவிட்டது,
இது பத்தாயிரத்தில் நிற்காது.
சிகரெட் பெட்டியைப் பிரித்து
உட்புறத்தில் எழுதினான்:
பதினோராயிரத்து நானூறு வெள்ளி.
இரும்பு விலை ஏறிப்போச்சு, போஸ்.

என் கான்சிலை இன்று விற்றால்
இரண்டாயிரத்து ஐந்நூறு தேறும்.
அதுவும் பின் டயர் புதிது என்பதால்.

இருபத்திரண்டு வருடம் வெளியில் நின்ற வண்டி.
பானெட்டில் சாயம் உரிந்து
ஏதோ ஒரு தீவு.
சாய் லெங் பார்க் மைனாக்கள் எல்லாம்
அதில் கையெழுத்துப் போட்டிருக்கின்றன.
கான்சில் என்றால் சருகுமான்.
எந்தக் காட்டில் எந்தச் சருகுமான்
கூரை கேட்டது என்கிறாள் தவமணி.
கேட்டுவிட்டு அவளே
துணிக்கொடிக்கு ஆணி எங்கே என்று
காற்றில் விரல் வைத்துக் காட்டுகிறாள்.

சேமநிதியின் மூன்றாவது கணக்கைக்
கைப்பேசியில் திறந்தேன்.
பிறைத் தொழிற்சாலையில்
தூங்காத இரவுகள் எத்தனையோ.
கட்டைவிரல் ஒருமுறை தொட்டதும்
வெளியே வந்துவிட்டன,
சமர்த்தாக.

பிறகு தவமணியின் நோட்டில்
கால்வாய் மூடி, அறுநூற்றைம்பது.
கேட்டை நகர்த்த ஆயிரத்து இருநூறு.
வழுக்காத ஓடு, தொள்ளாயிரம்.
மாநகர் மன்றத்துக்கு வரைபடம், நானூற்றெண்பது.
கனமான கூரைத் தகடு வேண்டுமா,
எண்ணூறு கூட ஆகும் என்றான்.
வேண்டாம் என்றேன்.
எங்கேயாவது ஓரிடத்தில்
நானும் வேண்டாம் சொல்ல வேண்டுமே.

வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
ரஃபீக் மொத்தத் தொகை கேட்டான். சொன்னேன்.
விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தான்.
எங்கள் ஊரில் இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு என்றான்.
மறுபடி கண்ணாடியை இறக்கிக்கொண்டான்.
நான் தேத்தண்ணீர் வாங்கப் போனேன்.

சிமெண்ட் காய ஏழு நாள்,
அதுவரை வண்டி ஏறக்கூடாது.
ஐந்தாம் நாள் விடியலில்
பக்கத்து வீட்டு மோசஸ்
கேட்டருகே நின்றார், செருப்பில்லாமல்.
பிலோமினா போய்விட்டாள், என்றார்.
அவர் வீட்டு முன்புறம்
ஒரு மோட்டார் சைக்கிளுக்கே மூச்சு முட்டும்.
கேட்பதற்கு முன்பே
தவமணி பூட்டைத் திறந்துவிட்டாள்.

பட்டர்வொர்த்திலிருந்து பெட்டி வந்தது.
நாற்பது நாற்காலி, இரண்டு மின்விசிறி.
காயாத தரையில்
யார் யாரோ நடந்தார்கள்.
இரண்டாம் இரவு மழை.
கூரைமேல் யாரோ
மூட்டை மூட்டையாகக் கூழாங்கல் கொட்டுவதுபோல.
பாதிரியார் உதடு அசைகிறது,
ஜெபம் கேட்கவில்லை.
புத்தகத்தை விரலால் மூடிப் பிடித்துக்கொண்டு
மழை விடக் காத்திருந்தார்.
எல்லோரும் மேலே பார்த்தார்கள்.
நான் மட்டும் பார்க்கவில்லை.
அந்த எண்ணூறு வெள்ளியின் சத்தம்
எனக்குத் தெரியும்.

மூன்று இரவும் சருகுமான்
சாலையோரம், வழக்கம்போல.

நான்காம் நாள்
நாற்காலிகள் லோரி ஏறிய பின்
முதன்முதலாக உள்ளே ஓட்டினேன்.
மோசஸ் நின்று, இடது, இடது என்று
கை காட்டினார்.
ஆ லியோங்கின் தூண்
இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி.
கண்ணாடி முறிந்து
ஒரு ஒயரில் தொங்கியது.

மோசஸ் சிரித்துவிட்டார்.
சிரித்ததற்குப் பயந்து
வாயைப் பொத்திக்கொண்டார்.

தவமணி நோட்டை எடுத்து வந்தாள்:
பக்கக் கண்ணாடி, பழையது, எழுபது.