கல்லடிக்கு மேல், மூன்று ஐம்பத்திரண்டு

மெல்போர்னிலிருந்து டோஹாவுக்குப் பதினாலரை மணித்தியாலம்
என்று எழுதியிருந்தாய், துசியந்தன்.
பிறகு லண்டனுக்கு இன்னுமோர் ஏழு.
தங்கச்சிக்குக் கலியாணம்.
உன் பயணப் புத்தகத்தில்
எந்த நாட்டுக்கும் போகலாம் என்று ஒரு வரி,
ஒரு நாட்டைத் தவிர என்று அதே வரி.

நான் ஓட்டோக்காரன். எனக்குத் தூரமென்றால் மீற்றர்.
முதல் கிலோமீற்றர் நூற்றிருபது,
மிச்சமெல்லாம் தொண்ணூறு.
டோஹா வரைக்கும் பன்னிரண்டாயிரம் என்று வைத்துப்
பெருக்கிப் பார்த்தேன்:
பத்து லட்சத்து எண்பதாயிரத்து முப்பது.
வெயிட்டிங் தனி.

வள்ளத்துக்கு நீ கட்டினதும்
கிட்டத்தட்ட அவ்வளவுதான்.
அதில் இருபத்திரண்டு நாள்.
டீசல் மணக்கிற தண்ணி, அவியாத பருப்பு.
ஏழாம் நாள் ஒருத்தன் நேரம் என்னவென்று கேட்டானாம்,
எல்லாரும் சிரித்தீர்களாம்.

போனில் எறும்பளவு மஞ்சள் விமானம்.
பத்து மணிக்கு அது அவுஸ்திரேலியாவை விட்டுக் கழன்றது.
கடைசிச் சவாரியை ஆரையம்பதியில் இறக்கிவிட்டுப் பார்த்தேன்,
கடல் மட்டும்.
மூன்று மணிக்குக் கோடு வளைந்தது. எங்கேயோ மழையாம்.
வளைந்த கோட்டின் முன்னால்
பொடி எழுத்தில் ஓர் ஊர்ப்பெயர்.
கூட்டி வாசித்தேன்: மட்டக்களப்பு.

பாலத்துக்கு ஓட்டோவை விட்டேன்.
எஞ்சினை நிறுத்தினேன், மீற்றரை ஓடவிட்டேன்.
உயரம் பதினொரு கிலோமீற்றர் என்கிறது போன்.
பதினொரு கிலோமீற்றர் என்றால்
இங்கிருந்து கிரான்குளம்,
ஆயிரத்து இருபது ரூபா,
தெரிந்த ஆளென்றால் எண்ணூறு.
பதின்மூன்று வருசத்தில் நீ
இவ்வளவு கிட்ட வரவில்லை.

ஹெட்லைற்றை மூன்று தரம் நூர்த்து எரித்தேன்.
பழைய பாலத்தடியில் வலை வீசிக்கொண்டு நின்ற
சீனித்தம்பி அண்ணன்
தலை லைற்றை என் பக்கம் திருப்பினார்.
"ஆரைப் பார்க்கிறாய்?"
"கூட்டாளி ஒருத்தன் போறான்."
"எங்கால?"
"மேலால."
அவர் வலையைக் கீழே வைத்தார்.
தொப்பியைக் கழற்றினார்.
"எப்ப மோசம் போன?" என்றார்.

சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்க இயலாமல் இருமினேன்.
இல்லையண்ணே, ஆள் பிளேனுக்குள்ள, உசிரோட,
என்று விளங்கப்படுத்தி முடிக்குமுன்
மினுங்கி மினுங்கி ஒரு வெளிச்சம்
வாவியைக் கடந்து
வவுணதீவுப் பக்கம் தேய்ந்தது.
சத்தம் பிறகுதான் வந்தது,
ஆளில்லாமல்.
அவர் தொப்பியைத் திரும்பப் போட மறந்து
அண்ணாந்தபடியே நின்றார்.

டோஹாவில் இறங்கி எழுதினாய்:
நடு சீற்றடா. நல்ல நித்திரை.
அவங்கள் தந்த சோறுதான் சரியில்ல.

மீற்றரில் முன்னூற்றிருபது நின்றது,
வெயிட்டிங் மட்டும்.
உன் கணக்கில் எழுதியிருக்கிறேன்.