நாற்பத்திரண்டு சென்டிமீட்டர்

மூக்குத் தண்டிலிருந்து
கை வேலை செய்யும் இடம் வரை
டேப் பிடித்து அளந்தார் கல்பேஷ்.
"முப்பத்தொண்ணு.
இது வேலை செய்ற தூரம் இல்ல மேடம்,
பேஷண்ட்டுக்கு முத்தம் குடுக்கிற தூரம்."
தஸ்லீமா சிரித்த சிரிப்பில்
மண்ணடி ஹாஸ்டல் கட்டில் ஒரு பக்கம் சாய்ந்தது.

நிமிர்ந்து உட்காரச் சொன்னார்.
மூன்று வருடமாய்க் கூன் போட்டே பழகிய முதுகு
எலும்பெலும்பாய் முனகியது.
நாற்பத்திரண்டு.
செருப்பு சைஸ் போல
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

பெட்டியில் இரண்டு இருந்தன.
இரண்டரை மடங்கு ஒன்று, மூன்றரை மடங்கு ஒன்று.
மூன்றரையை மாட்டினேன்.
போன வாரம் கட்டைவிரலில் கம்பி குத்திய இடம்
கிணறு மாதிரி.
ஜன்னல் விளிம்பில் லாரிப் புகையின் கரி,
ஒவ்வொரு துகளும் தனித்தனி ஆளாக.
தஸ்லீமா பக்கம் திரும்பினால் தஸ்லீமா இல்லை,
ஒரு புருவம் மட்டும்,
அதற்குள் அவள் எனக்குச் சொல்லாத
பழைய தையல் தழும்பு.
"இன்னாடி அப்டி பாக்குற?"
"ஒண்ணுமில்ல."

விலையை வாயால் சொல்லவில்லை.
கால்குலேட்டரில் அடித்து
என் பக்கம் திருப்பி வைத்தார்.
கன்டெய்னர் யார்டில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பினேன்.
"இது போட்டு இஞ்சின் ரேட்டு. கண்ணாடிக்கா?"
கொஞ்ச நேரம் கழித்து,
"தவணை உண்டான்னு கேளு."

இரண்டு நாள் வைத்துப் பாருங்கள் என்று
பெட்டியை விட்டுப்போனார்.

மறுநாள் நாற்காலியில் சம்பந்தம்,
கொருக்குப்பேட்டை, குட்டியானை டிரைவர்.
கீழ்வரிசை இடப்பக்கக் கடைவாய்ப் பல்,
போன வாரம் நான் அடைத்தது,
மேடம் 'குட்' போட்டுக் கையெழுத்திட்டது.
மூன்றரையில் பார்த்தேன்.
பல்லுக்கும் பூச்சுக்கும் நடுவே ஒரு சந்து.
பழைய வண்ணாரப்பேட்டையில்
எதிரெதிரே வந்து முட்டி நிற்கும் பைக்குகள் மாதிரி
நேற்றைய சோறு அதில் சிக்கி நின்றது.
அதே கண்தான் போன வாரமும் பார்த்தது.

"இன்னா டாக்டர், சொத்தையா?"
மாஸ்க்குக்குள் ஒரு பொய் தயாராக இருந்தது.
"போன வாட்டி நான் சரியா முடிக்கல.
இப்ப மறுபடி செய்றேன்."
யோசித்தார்.
"நாங்களும் லோடு சாஞ்சா
கயிறு அவுத்துத்தான் கட்டுவோம்"
என்று வாயைத் திறந்தார்.

குனிந்தால் கலங்குகிறது கண்ணாடி.
நிமிர்ந்தேன்.
விளிம்பு தெரிந்தது, மயிரிழை வெடிப்பு தெரிந்தது,
எச்சில் குமிழுக்குள் விளக்கு தெரிந்தது.
எங்கிருந்தோ நாக்கு வந்து இடித்தது,
அது வந்த வழி தெரியவில்லை.
"கை தூக்குறாருடி"
என்று தஸ்லீமாதான் சொன்னாள்.
வலித்தால் தூக்கச் சொல்லியிருந்தேன்,
எவ்வளவு நேரமாகத் தூக்கியிருந்தாரோ.

மரப்பு ஊசி போட்டுவிட்டு
இரண்டரைக்கு மாறினேன்.
வாய் முழுக்க இருந்தது.
உதட்டோரம், நரைத்த மீசை நுனி,
அவர் முகம் சுளிக்கும்போது
கன்னம் முதலில் இழுபடுவது.
வெடிப்பு மட்டும் காணாமல் போயிருந்தது.
அது அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இரண்டாம் நாள் மாலை கல்பேஷ் வந்தார்.
இரண்டரை, என்றேன்.
ஏழு தவணை, செய்து வர ஆறு வாரம்.
காதுப் பக்கக் கம்பியில் பேர் பொறிப்பது இலவசம்.
"டாக்டர்னு போட்டுடலாமா?"
"இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு.
ஃபிளாவியா மட்டும் போடுங்க."
பெட்டியை மூடுவதற்குள்
மூன்றரையை இன்னொரு தடவை கேட்டு வாங்கி
அந்த ஜன்னல் கரியைப் பார்த்துக்கொண்டேன்.

திருவொற்றியூர் பஸ்ஸில் அண்ணன் கேட்டான்,
"எத்த வாங்கின?"
"சின்னது."
"ஏன், பெருசு நல்லால்லியா?"
"நல்லாத்தான் இருந்துச்சு."
முதுகை நிமிர்த்தி
மொபைலை நாற்பத்திரண்டில் பிடித்திருந்தேன்.
பக்கத்து சீட்டுக்காரம்மாவுக்கு
எல்லாவற்றையும் படிக்க
வசதியாக இருந்தது.