சார்ந்திருப்போர்

மார்ச் பதினெட்டில் முதல் கப்பல் வந்தது.
டுலூத்தின் தூக்குப்பாலம் ஏறி இறங்குவதை
ஆம்புலன்ஸின் பின்கதவில் சாய்ந்தபடி பார்த்தேன்,
கையில் ஆறிய காப்பி,
சட்டையில் யாருடையதோ வாந்தி.
ஏரி திறந்துவிட்டது என்றான் ரோலண்ட்.
நான் போனைத் திறந்து பார்த்து மூடினேன்.

பதினேழு மருத்துவக் கல்லூரிகள்.
பதினான்கு வருந்தின.
ஒன்று வருந்தக்கூட இல்லை.
ஒன்று, வா என்றது.
ஒன்று, காத்திருப்போர் பட்டியலில் இரு என்றது,
எத்தனையாவது ஆள் என்று சொல்லாமல்.
ரொட்டிக்கடை வரிசையிலாவது
முன்னால் நிற்பவரின் முதுகு தெரியும்.

வா என்ற கல்லூரி
உதவிக் கடிதமும் அனுப்பியிருந்தது.
அதில் 'உதவி' என்ற சொல் ஏழு முறை வந்தது.
ஐந்து இடத்தில் அதற்குக் கடன் என்று பொருள்.
திருப்பித் தர வேண்டாத பணம் ஒன்பதாயிரம் டாலர்.
மற்றதெல்லாம்
நான் எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்யும்போதே
குட்டி போடத் தொடங்கிவிடும்.

அம்மா பேக்கரியில் கேக்குகள்மேல் பெயர் எழுதுபவள்.
மாவு படிந்த கண்ணாடியோடு
கடிதத்தை இரண்டு முறை வாசித்தாள்.
"இது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா?"
தெரியவில்லை அம்மா.
அதை மூன்று நாளாகக் கூட்டிக்கொண்டிருக்கிறேன்.

அடியில், எறும்பு எழுத்தில்:
பெற்றோர் இருவரின் வருமான விவரமும் வந்தால்
மறுபரிசீலனை செய்யலாம்.

எனக்கு வயது இருபத்தாறு.
வாடகை கட்டுகிறேன்.
நெடுஞ்சாலையில் முன்பின் தெரியாதவர்களின்
கண்களை மூடியிருக்கிறேன்.
கல்லூரிக்கு நான் இன்னும்
இரண்டு பேரின் மகள்.

நிதி அலுவலகத்துப் பெண்ணின் குரலில் சளி கட்டியிருந்தது.
"அப்பா காணாமல் போனவரா?"
இல்லை. ஹிப்பிங்கில் இருக்கிறார்.
எழுபத்தைந்து மைல்.
"அப்படியென்றால் கேட்டுப் பாருங்களேன்" என்றாள்,
சர்க்கரை கேட்கச் சொல்வதுபோல.

பதினோரு வருடத்துக்குப் பிறகு
நான் அவருக்கு எழுதிய முதல் வாக்கியத்தில்
படிவ எண் ஒன்று இருந்தது.
அவர் பதில்: சரி.

ஞாயிறு இரவு படங்கள் வந்தன.
சமையல் மேசைமேல் காகிதங்கள், கோணலாக.
முப்பத்தோராயிரத்து நானூற்று அறுபது.
சுரங்கத்தில் ஆள்குறைப்பு என்று ஓரத்தில் கிறுக்கியிருந்தார்.
அந்த எண்ணைத்தான் தேடினேன்.
அது கிடைத்ததும் மூடியிருக்கலாம்.

அடுத்த பக்கம்.
சார்ந்திருப்போர் என்ற கட்டத்தில்,
அவருடைய சாய்ந்த கையெழுத்தில்:
மார்னி நீமி. மகள். ஒன்பது.

என் குடும்பப் பெயர்.
என் உறவுமுறை.
அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மறுநாள் அலுவலகப் பெண் கணக்கிட்டுச் சொன்னாள்:
அந்த வீட்டில் ஒரு குழந்தை கூடுதல் என்பதால்
மானியம் பதினோராயிரம் உயரலாம்,
உறுதியில்லை, குழு கூட வேண்டும்.
வாழ்த்துகள் என்றாள்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் முப்பது. நள்ளிரவுக்குள்
ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.
பட்டியல் கல்லூரி வாய் திறக்கவில்லை.
ரோலண்ட் ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்குகிறான்.
ஒன்பதுக்கு எத்தனை பூஜ்ஜியம் சேர்த்தால்
ஒரு மருத்துவர் என்று நினைத்தபடி
அந்தப் படங்களை மறுபடி திறக்கிறேன்.

இத்தனை நாள் எண்களையே பெரிதாக்கிப் பார்த்தேன்.
இப்போது ஓரத்தை.

காகிதம் சுருளாமல் இருக்க
ஒரு கட்டைவிரல் அழுத்திப் பிடித்திருக்கிறது.
அவருடையது இல்லை.
சின்னது. நகத்தில் ஊதா வண்ணம்,
பாதி உரிந்து.

அது அழுத்தும் இடத்துக்கு நேர் மேலே,
விண்ணப்பதாரர் என்ற கட்டத்தில்,
என் பெயர்.

வயர்லெஸ் கரகரக்கிறது.
மூன்றாம் தெரு, நெஞ்சுவலி, ஆண், அறுபது.
ரோலண்ட் விழித்துச் சாவியைத் திருப்புகிறான்.
நான் பெல்ட்டை மாட்டுகிறேன்,
ஒரு கையால்.