முப்பது டிகிரி

நடுவிரல் கணுவில் முதலில் ஒரு மரு.
தொட்டிக் கண்ணாடி கீறிய இடம்தான்,
ஆறிப்போச்சு என்று விட்டுவிட்டார்.
பிறகு புறங்கையில் ஒன்று,
மணிக்கட்டில் ஒன்று,
முழங்கைக்குக் கீழே இரண்டு.
ஊறின கொண்டைக்கடலையை
நூலில் கோத்துத் தோலுக்கடியில் இழுத்த மாதிரி.

ஞானசிகாமணி. சமாதானபுரத்தில்
வண்ணமீன் கடை.
வலியில்லை, காய்ச்சலில்லை.
மூன்று களிம்பு, ஒரு லேகியம்,
குஷ்டமாயிருக்குமோ என்று
எதிர்க்கடைக்காரன்
கிளாஸைத் தனியாகக் கழுவிய ஒரு மாதம்,
இவ்வளவும் கழித்துத்தான்
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

அவரை நான் அப்போது பார்த்ததில்லை.
ஆட்கள் எனக்கு எண்களாக வருவார்கள்.
பங்குனிக் கடைசியில்
மிளகளவு சதை வந்தது.

சாயமேற்றிப் பார்த்தேன்.
நீலத்தின் நடுவே
நாலைந்து சிவப்புக் கீற்று.
காசநோய்க் கிருமிக்கு
ஏதோ ஒன்றுவிட்ட சொந்தம்.
எந்த வழியில் சொந்தம் என்பது
வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

முப்பத்தேழில் வைத்தேன்.
மனுஷ உடம்பின் சூடு அது.
ஆறு வாரம்.
குழாயில் ஊடகத்தின் பச்சை மட்டும்.
வளர்ச்சி இல்லை, எழுதி
கையெழுத்தும் போட்டேன்.
பதிவேட்டில் இப்போதும் இருக்கிறது,
என் பெயரின் கடைசி எழுத்து
கோட்டைத் தாண்டி நீண்டபடி.

தோல் டாக்டர் ஜெய்னம்பு
இரண்டு மாடி இறங்கி வந்தார்.
"சீட்டுல எழுத விட்டுட்டேன்மா,
இவரு மீன் வளக்காரு."

அப்போதுதான் உறைத்தது.
மீனுக்குத் தண்ணீரின் சூடுதான் உடம்புச் சூடு.
மீனில் பிழைத்துப் பழகினதற்கு
நம் ஈரல் கொதிக்கும், நுரையீரல் கொதிக்கும்.
விரல்தான் கொஞ்சம் ஆறின இடம்.
அதனால்தான் ஐந்து மாதமாகத்
தோளைத் தாண்டாமல்
கையிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

மறுபடி மிளகளவு வெட்டினார்கள்.
முப்பது டிகிரி வேண்டும்.

பாளையங்கோட்டையில், வைகாசியில்,
முப்பது டிகிரிக்கு எங்கே போக?
இருக்கிற பெட்டி ஒன்று,
அதில் முப்பத்தேழில் ஊர்ச்சளி முழுக்க.
ஏசி அறையில் இருபத்திநாலு.
வராந்தாவில் நாற்பது.
மண்பானை வாங்கினேன், சொந்தக் காசு.
ஈரமணல் நிரப்பி
தகர டப்பாவுக்குள் குழாயைப் பூட்டிப் புதைத்து
மாடிப்படிக்குக் கீழே இருட்டில் வைத்தேன்.
பக்கத்தில் ஒரு வெப்பமானி.
முப்பத்தொன்று. இருபத்தொன்பது. முப்பத்திரண்டு.
ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்ச்மேன் இசக்கிப்பாண்டி
தண்ணீர் தெளித்தார்,
என்ன செடி என்று ஒரு நாளும் கேட்காமல்.

பதினாறாம் நாள்
தென்காசிப் பக்கமிருந்து
சாரல் காற்று உள்ளே வந்தது.
டப்பாவைத் திறந்தேன்.
பச்சைமேல் வெண்ணெய்த் துளி போல
வெளிறிப்போய், சின்னச் சின்னதாய்.
வெளிச்சம் காட்டிப் பார் என்றிருந்தது புத்தகத்தில்.
ஜன்னலோரம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.
சோறு இறங்கவில்லை.
காலையில்
அத்தனையும் மஞ்சள்.

தனியாய் நின்று சிரித்தேன்.
ஒரு நோயைப் பார்த்து
அப்படிச் சிரித்திருக்கக் கூடாது.

மாத்திரை இரண்டு வகை, ஆறு மாதம்.
ஒன்று சிறுநீரை ஆரஞ்சாக்கும்.
இன்னொன்று அபூர்வமாய்க் கண்ணில் ஏறும்,
சிவப்பும் பச்சையும் குழம்பும்.
மாதாமாதம் கண் பிரிவில்
புள்ளிகளுக்குள் ஒளிந்த எண்ணை
வாசித்துக் காட்ட வேண்டும்.
அவர் வாசித்தார். கடைக்குப் போய்
தொட்டி தொட்டியாய் இன்னொரு தரமும்
பரீட்சை எழுதினாராம்.

கார்த்திகையில் என்னைத் தேடி வந்தார்.
முழங்கைவரை ரப்பர் உறை,
கழற்ற மறந்து பஸ்ஸில் அப்படியே வந்திருக்கிறார்.
உருவிக் காட்டினார்:
கடலைகள் இருந்த இடத்தில்
வெளிறின ஐந்து வட்டம்.

"அதப் பாக்கலாமா?"

அவித்துக் கொட்டியாயிற்று என்றேன்.
முகம் கொஞ்சம் வாடிற்று.

"மஞ்சளா இருந்துச்சாமே. என்ன மஞ்சள்?"

யோசித்தேன்.
பூவரசம்பூ, காலையில் பூத்தது.

எதையோ எண்ணுகிறவர் போல்
கண்ணை மூடி நின்றார்.
"அந்த நெறத்துல
எங்கிட்ட ஒண்ணு கூட இல்லையே" என்றார்.