அகேயோவின் கணக்கு

கடை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம்.
கிசுமுவில், ஏரிக்கரையில், ஒரு தகரப் பெட்டி.
ஒரு ஸ்பிரிட் பாட்டில், முடி கொட்டிய பல்துலக்கி,
வாய் பிளந்து கிடக்கும் இருபது போன்கள்.
அங்கேதான் கொண்டுவந்தாள் அகேயோ,
பிள்ளையைத் தூக்கிவருவதுபோல் அல்ல,
விலை படியாத மீனை
வாலைப் பிடித்துத் தூக்கிவருவதுபோல்.

விடியலில் படகிலிருந்து
ஒமேனா மீன்கூடையை வாங்கக் குனிந்தாளாம்.
இடுப்பு முடிச்சிலிருந்து நழுவி
ஆகாயத் தாமரை வேர்களுக்குள் போய்விட்டது.
ஒச்சோலாவின் மகன் முங்கித் துழாவி
எடுத்துக் கொடுக்கக் கால்மணி நேரம்.
எடுத்ததும் அவன் செய்த முதல் காரியம்
பட்டனை அமுக்கிப் பார்த்தது.
எல்லாரும் செய்வதுதான்.
பாதிப் போன்கள் சாவது அதில்தான்.

அரிசிக்குள் போட்டேன், என்றாள்.
எவ்வளவு நேரம்?
அரைமணி. பிறகு உலை வைக்க வேண்டியிருந்தது.
அப்புறம் வெயிலில்,
வலைமேல் காயும் ஒமேனாக்களுக்கு நடுவே.
ஒரு மராபு நாரை கவ்விப் பார்த்துவிட்டு
பிடிக்காமல் கீழே போட்டது.

அந்தப் போனில்தான் இருந்தது
இந்தக் கரையின் கடன் முழுவதும்.
கூடையைக் கடனாகத் தரும்போதே
போனை எடுப்பாள்,
நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுத்துவாள்.
டொக் டொக் டொக்.
பெயர், தொகை, கிழமை.
அந்தச் சத்தத்துக்கு அடிவயிறு சில்லிடும்.

மறுநாளிலிருந்து ஆட்கள் வந்தார்கள்,
ஆஸ்பத்திரிக்கு வருவதுபோல்.
மோட்டார் சைக்கிளில் சவாரி ஏற்றும் ஒகாடா
எஞ்சினை அணைக்காமல் கேட்டான்:
பிழைக்குமா?
டீக்கடை நியாபொகே நான் கேட்காமலே
சர்க்கரை தூக்கலாக ஒரு டீ கொண்டுவந்தாள்.
பாவம், பழைய போன்,
இழுத்துக்கொண்டு கிடப்பதைவிடப் போய்விடலாம், என்றாள்.
சிப்போரா கண்மூடி ஜெபித்தாள்,
எதற்காக என்று சொல்லவில்லை.
வலை விற்கிறவனுக்கு மட்டும் உண்மையான கவலை.
அவனுக்கு அகேயோதான் தர வேண்டும்.

எனக்கும் முந்நூற்று நாற்பது ஷில்லிங் பாக்கி.
அதை மறைத்து இதைச் சொல்வது நியாயமில்லை.

மூன்றாம் இரவு திறந்தேன்.
நாலு திருகாணி.
பச்சை பூத்த செம்பு, நூலளவு பாசி,
ஒரே ஒரு மீன்செதில்.
துலக்கினேன், விளக்கருகே காட்டினேன்,
வேறொரு பேட்டரியை மாட்டினேன்.
திரை கண் திறந்தது.
என் பெயரைத் தேடினேன்.
அழிப்பதற்கு இல்லை என்று சொல்ல ஆசைதான்.

குறிப்புகளில் ஒன்றும் இல்லை.
செய்திகளில் கம்பெனிக்காரனின் பண்டிகை வாழ்த்து.
எங்கெங்கோ போய்ப் பார்த்தேன்.
மொத்தப் போனிலும் அவள் எழுதி வைத்திருந்தது
ஒரு அலாரம்,
அதிகாலை நாலு பத்து.
திரை நடுங்கியது, வெளுத்தது, அணைந்தது.
பிறகு எழவே இல்லை.

போய்விட்டது, என்றேன் காலையில்.
உள்ளே பார்த்ததைச் சொல்லவில்லை.
பார்த்தேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.
மூடியைச் சரியாக மாட்டு, என்றாள்,
துடைத்துக் கொடு.
கூலி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கரை முழுக்க நடந்தாள்
பிணத்தைக் காதில் வைத்துக்கொண்டு,
உரக்கப் பேசி, சிரித்து,
நடுவே ஒருமுறை யாரையோ திட்டியபடி.
மாலைக்குள் ஒகாடா கொடுத்தான்.
நியாபொகே இரண்டு தவணையாக.
சிப்போரா எண்ணி வைத்ததில்
ஐம்பது கூடுதலாக இருந்தது.
அகேயோ திருப்பித் தந்துவிட்டாள்.

கடைசியாக என் பெட்டிக்கு வந்து நின்றாள்.
முந்நூறை நீட்டினேன்.
வாங்கினாள், போகவில்லை.
போனை எடுத்தாள்.
என் முகத்தைப் பார்த்துக்கொண்டே
செத்த பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள்.
டொக்.
டொக்.

அதில் உயிரில்லை என்று
இந்தக் கரையில் அவளைத் தவிரத் தெரிந்தவன்
நான் ஒருவன்தான்.
சில்லறை டப்பாவைத் துழாவ ஆரம்பித்தேன்
நாற்பதுக்கு.