கல்லோயாவில் பெட்டி மாட்டியவன்

ஐந்து வயதில் லோஜிதாவின் கழுத்துக் கழலைக்கு
மகரகமவில் இருபது நாள் கரண்ட் பிடித்தோம்.
சத்தமில்லை, சூடில்லை.
"ஒண்டும் செய்யல்லையே அப்பா" என்றாள்.
தோலில் கீறிய ஊதாக்கோடு மட்டும்
குளிப்பில் அழியாமல் பார்த்துக்கொண்டோம்.

பதினைந்தில் தொண்டைக்குக் கீழே
பாக்களவில் இன்னொன்று.

மட்டக்களப்புக் கிளினிக்கில் டொக்டர் பில்கீஸ்
மருந்துச் சிட்டையின் பின்பக்கம் ஒரு கோடிழுத்து
இரண்டிடத்தில் வெட்டினார்.
நடுத்துண்டைத் தலைகீழாக்கி ஒட்டினார்.
"அறுந்தா உடம்பே ஒட்டும். இதில ஒட்டினது மாறிப்போச்சு.
ஓடு ஓடு எண்டுற தலைப்பு
ஓய்ஞ்சிருந்த துண்டோட வந்து சேர்ந்திட்டு."

ஒன்பது வருடம் கல்லோயாவில் நான் பெட்டி கழற்றியவன்.
நள்ளிரவில் கோச்சி இரண்டாகும்,
ஒரு பாதி திருகோணமலைக்கு, மற்றது எங்களுக்கு.
லாம்பு வெளிச்சத்தில் கொக்கி.
ஒருநாளும் மாறவில்லை.
மாறியிருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள்.

"இருபது நாளில எந்த நாள் வெட்டினது?"
லோஜிதாதான் கேட்டாள்.
டொக்டருக்குத் தெரியவில்லை.
"அந்தக் கரண்ட் இல்லாட்டி
பதினஞ்சு வயசே வந்திராது மகள்" என்றார்.
அவள் சிட்டையை வாங்கி
இரசாயனவியல் கொப்பிக்குள் வைத்தாள்.

நான் பதினோராம் நாளை நினைத்தேன்.
அன்று அவள் அழுததற்கு
ஐஸ்பழம் வாங்கிக் கொடுத்தேன்.

ஒப்பரேஷனுக்கு ஏறாவூரில் ஏறினோம்.
கல்லோயாவில் பெட்டி சேர்கிற உலுக்கலில் விழித்தாள்.
"மாட்டியாச்சா?"
"மாட்டியாச்சு."
அவள் மறுபடி கண்மூடும்வரை இருந்து,
இறங்கிப்போய்
கொக்கியைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன்.